அறுந்த பிறகும் ஓடுகிறது

ஒகேனக்கலிலிருந்து பென்னாகரத்துக்கு ஏறும் காட்டுப் பாதை. பானட்டுக்குள் சாட்டையைச் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை, அதனால் நானும் நிறுத்தவில்லை. மதுரைக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டர் இருக்கும். யானை கடக்கும் இடத்தில் இறங்குவானேன், பென்னாகரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தேன்.

காடு முடிந்து வீடுகள் தெரிந்த இடத்தில் எதிரே மொபெட்டில் வந்தவர் கையை நீட்டி மறித்தார். "ஆஃப் பண்ணுங்க சார், ஆவி வருது பாருங்க." ரேடியேட்டர் மூடிக்குப் போன என் கையையும் தடுத்தார். கொதிக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். அரை மணி நேரம் காத்திருந்தோம்.

அறுந்தது ஃபேன் பெல்ட். என் பழைய அம்பாசிடரில் அந்த ஒற்றை ரப்பர் வார்தான் காற்றாடியையும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் அது அறுந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். இது அப்படியில்லை. பெட்ரோல் எரியும், சக்கரம் சுழலும், மேட்டில்கூட ஏறும். தன்னைக் குளிர்வித்துக்கொள்வது மட்டும் நின்றுபோயிருக்கும். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும் என்றார் அவர். பெல்ட் ஒன்றும் திடீரென்று அறுந்துவிடவில்லை. இரண்டு வாரமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தியது. சூடேறியதும் சத்தம் அடங்கிவிடும். அடங்கியதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் கேழ்வரகு அரைக்கும் மாவு மில் வைத்திருப்பவர். மில்லிலிருந்து பழைய பெல்ட்கள் நாலைந்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மில் மோட்டாரிலும் இதே மாதிரி வி-பெல்ட்தான். முதுகில் அச்சடித்திருந்த எண்களைப் பார்த்து ஒன்றை எடுத்தார். சற்றுத் தளர்வு. டைனமோவின் நட்டைத் தளர்த்தி, ஒரு கம்பியால் நெம்பி, கடைசிவரை வெளியே தள்ளி இறுக்கினார். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மா ரேடியேட்டருக்கு இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டிய தண்ணீரைச் சிறுவயதிலிருந்தே ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல் பழுப்பேறும், பிறகு மூட்டும் முதுகும் இறுகும். அதற்காகத்தான் காவிரித் தண்ணீரை மேலேற்றும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டது. குடத்தைச் சாய்த்துக்கொண்டு அந்த அம்மா சிரித்தார். பல்லில் பழுப்புக் கோடுகள். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "முதுகு மடங்கமாட்டேங்குதுப்பா. அதுக்காகக் களையெடுக்கப் போகாம இருக்க முடியுமா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அக்கா நினைவு வந்தது. அத்தான் போய் இரண்டு வருடம் ஆகிறது. துணி தைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். வாரம் தவறாமல் பேசுவேன். நல்லா இருக்கியாக்கா என்பேன். நல்லாத்தான் இருக்கேன் என்பாள். பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தமே எனக்குப் போதுமானதாக இருந்தது. பிள்ளைகளுக்குச் சோறு இருக்கிறது, பள்ளிக் கட்டணம் கட்டியாகிறது, பண்டிகைக்குப் புதுத்துணி வருகிறது. வேறு என்ன கேட்க வேண்டும் என்றுதான் இருந்துவிட்டேன். முதல் ஆறு மாதம் எப்போதாவது போனில் அழுவாள். பிறகு அழுகை நின்றது. தேறிவிட்டாள் என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி அவளைக் கூப்பிட்டேன். வழக்கம்போல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் அறுந்த கதையைச் சொன்னேன். "என் மெஷின்லயும் தோல் பெல்ட் அப்பப்ப விட்டுப்போகும், நானே மாட்டிக்குவேன்" என்றாள்.

"ராத்திரி தூக்கம் வருதாக்கா?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. கடகட சத்தம் மெதுவானது, பிறகு நின்றது.

"இல்லடா" என்றாள்.