தகப்பனுக்குக் கொடுத்த வாக்கு

மரிப்போர் காதில் நாம் ஓதும் "சேசு மரி சூசை"யையே பெயராகக் கொண்ட மலையாளப் படம், 2018-ல் வெளிவந்த "ஈ.ம.யௌ." கொச்சிக்கு அருகே செல்லானத்தில், பேண்டு வாத்தியத்தோடு ஆடம்பரமாக அடக்கம் செய்வேனென்று தகப்பனுக்கு மகன் ஈசி வாக்களிக்கிறான். அன்றிரவே தகப்பன் மரிக்கிறார். கடன், மழை, ஊர்ப்பேச்சு, பங்குக் குருவின் சந்தேகம் எல்லாம் சேர்ந்து வீடே அமளிப்படுகிறது. நமக்கோ சிரிப்பு வருகிறது. சிரிப்பது பாவமன்று, இழவு வீடுகளில் காணாததா!

ஆனால் அந்த வாக்கு மகனைக் கட்டுப்படுத்துமா? மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல். பேண்டு அதில் சேராது. கடைசியில் ஈசி தன் வீட்டு நிலத்தில் தானே குழி வெட்டுகிறான். மகன் கடமை அங்கேதான் நிறைவேறிற்று என்பேன். அர்ச். மோனிக்கம்மாள் 387-ல் ஓஸ்தியாவில், உடலை எங்கேயும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். நம்மிலும் பேண்டுக்கு முன்பணம் கொடுத்த சிலர், முப்பதாம் நாள் பூசையை மறந்துவிடுகிறார்கள்.