யாருடைய தவணை?

நமது ஊரிலே 'தவணை' என்ற சொல்லைப் பெரும்பாலும் இரண்டு இடங்களிற் கேட்கிறோம். கடன் வாங்கியவன் தவணைக்குக் காசு கட்டவேண்டும். தவறினால் ஈடுவைத்த நகை ஏலத்துக்குப் போய்விடும். கோட்டிலும் தவணை உண்டு. "வழக்கைத் தவணை போட்டாச்சுது" என்று சொல்லிக்கொண்டு தாய்மார் படியிறங்கி வருவதை யாழ்ப்பாண நீதிமன்ற வளவில் எவரும் காணலாம். கடனிலே தவணை தவறியவனே நட்டப்படுகிறான். கோட்டிலோ ஆயத்தமில்லாமல் வந்தவர் ஒருவர். மறியலுக்குத் திரும்பிப் போகிறவர் வேறொருவர். இது முறையா?

ஒருவரைப் பிடித்து அடைத்த அரசு இத்தனை நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவேண்டும், செய்யாவிடில் அவரைப் பிணையில் விடவேண்டும் என்று சில நாட்டுச் சட்டங்கள் நாள் குறிக்கின்றன. இந்தியாவிலே பாரிய குற்றங்களுக்கு 90 நாள், ஏனையவற்றுக்கு 60 நாள். 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் அந்த எல்லையைக் கைவிடவில்லை. நாள் கடந்துவிட்டால், பிணை கொடுக்க அவர் ஆயத்தமாயிருக்கும்வரை, குற்றம் எவ்வளவு பெரியதென்று நீதவான் நிறுத்துப் பார்ப்பதில்லை, நாட்காட்டியைத்தான் பார்க்கிறார். கொரோனாக் காலத்தில் எல்லாத் தவணைகளும் நீண்டுவிட்டன என்று காரணம் காட்டி, மதுரை மாவட்டத்து வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இப்பிணையை மறுத்தது. 2020 ஜூன் மாதத்தில் டில்லி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கொள்ளைநோய் வந்தாலும் ஒரு மனிதனின் நாட்கள் அவனுடையவையே என்பதுதான் அதன் சாரம்.

"அப்படியானால் பொலிசார் சுணங்கினார்கள் என்பதற்காகக் கொலைகாரன் வெளியே வருவதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு இது ஆறாத புண். ஆனால் பிணை விடுதலையாகாது. வழக்கு நிற்கிறது, விசாரணை நடக்கும், தண்டனையும் கிடைக்கலாம். 'கொலைகாரன்' என்ற சொல்லையும் சற்றுக் கவனியுங்கள். அதைச் சொல்லவேண்டியது நீதிமன்றம். அதற்கு முதற்படியான குற்றப்பத்திரிகையே இன்னும் எழுதப்படவில்லை! தவிரவும், நாள் குறிக்காத விசாரணையால் அந்தத் தாய்க்கும் நன்மையில்லை. ஆள் உள்ளேதானே இருக்கிறான் என்ற நிம்மதியிற் கோவை உறங்கும். சாட்சிகள் ஊர் மாறுவர், மறப்பர், இறப்பர்.

நமது நாட்டில் 1979 ஒரு விசித்திரமான ஆண்டு. பிடிபட்டவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தும்படி அவ்வாண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை பணித்தது. அதே ஆண்டில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, அமைச்சரின் கையொப்பத்துடன் மும்மூன்று மாதமாக 18 மாதம்வரை அடைத்துவைக்க இடங்கொடுத்தது. மூன்று ஆண்டுக்கென்று வந்த அது 1982இல் நிரந்தரமாயிற்று. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், தீர்ப்பில்லாமல் ஒருவரை 12 மாதத்துக்கு மேல் மறியலில் வைக்கலாகாது என்றது. சட்டமா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் இணங்கினாலும் இன்னுமொரு 12 மாதமே. நல்ல சட்டந்தான். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்திற் பிடிபட்டவருக்கு அது பொருந்தாதென்று அதன் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். பூசாவுக்கும் கொழும்பு மகசின் சிறைக்கும் இரவு பஸ் ஏறிய நமது தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காந்தீயம் இயக்கத்தின் வைத்திய கலாநிதி இராஜசுந்தரம் 1983 ஏப்ரலிற் கைதானார். ஜூலை 27இல் வெலிக்கடையில் அடித்துக் கொல்லப்பட்டார். அங்கே இரண்டு நாட்களில் மாண்ட 53 பேரில் அவர் ஒருவர். அவர்மீது சொல்லப்பட்டது மெய்யோ பொய்யோ என்று எந்த நீதிபதியும் தீர்க்கவில்லை. இனித் தீர்க்கவும் முடியாது.

இதுவரை வாசித்தவர்கள் தலையசைத்திருப்பீர்கள். நம்மவர் கதையன்றோ! இனி வருவது கொஞ்சம் கசக்கும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் அதே சட்டம் முஸ்லிம்கள் மேற் பாய்ந்தது. அப்போது நம்மில் எத்தனை பேர் நாட்கணக்குக் கேட்டோம்? மன்னார் மாவட்டத்து முஸ்லிம் இளைஞர் ஒருவர், ஆசிரியர், தமிழிலே கவிதை எழுதியவர், 2020 மே மாதத்திற் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தார். கட்டுவாப்பிட்டியிற் பிள்ளையை அடக்கம்பண்ணிய தாயின் கண்ணீரை அந்தப் பத்தொன்பது மாதம் எவ்வளவு துடைத்தது? நமக்குத் தீங்கு செய்தவர் என்று நாம் சந்தேகிக்கும் ஒருவருக்கு நாளை எண்ணிக் கொடுக்க மனமில்லையென்றால், நம் பிள்ளைகளுக்காக நாம் இத்தனை காலமும் கேட்டது வெறுஞ் சலுகையாகிவிடும்.

அப்போஸ்தலர் பணி நூலைத் திறந்து பாருங்கள். ஆளுநன் பெலிக்ஸ் புனித சின்னப்பரைத் தீர்ப்பில்லாமலே இரண்டு ஆண்டு செசரேயாவில் அடைத்து வைத்திருந்தான். காசு கிடைக்கும் என்ற நப்பாசை. யூதருக்குப் பிரியமாக நடக்கும் எண்ணம் வேறு. அவனுக்குப்பின் வந்த பெஸ்துவும் பெரிய நீதிமானல்லன். ஆயினும் கைதியை உரோமைக்கு அனுப்பவேண்டி வந்தபோது, குற்றம் இன்னதென்று எழுதாமல் ஆளை அனுப்புவது புத்தியீனம் என்று அக்கிரிப்பா அரசன் முன்னிலையில் ஒப்புக்கொண்டான். புறவினத்து அதிகாரி ஒருவனுக்கு அந்தக் கூச்சமாவது இருந்தது.

2022இல் நமது பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 18 மாதம் 12 ஆயிற்று. கைதாகி 12 மாதம் கடந்தும் விளக்கம் தொடங்காவிடில் மேல்நிலை நீதிமன்றம் பிணை வழங்கலாம் என்றும் சேர்த்தார்கள். இந்தியச் சட்டத்தில் அந்த இடத்தில் இருப்பது 'வேண்டும்'. இங்கே இருப்பது 'லாம்'. 'வேண்டும்' என்று எழுதினால் தவணை அரசின் தலையில் விழும். 'லாம்' என்று எழுதினாலோ, உள்ளே கிடப்பவர் வழக்கறிஞரைப் பிடித்து, மனுப்போட்டு, தம்மை ஏன் விடவேண்டும் என்று காரணஞ் சொல்லவேண்டியிருக்கிறது. ஏன் அடைத்தோம் என்று சொல்லவேண்டியவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.