பெயர் வைக்கும் முன்பே

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சேர்க்கப்பட்ட குழந்தையின் கணுக்காலில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அதில் குழந்தையின் பெயர் இருக்காது. இன்னாருடைய குழந்தை என்று தாயின் பெயர் இருக்கும். ஆணா பெண்ணா, பிறந்த நேரம், எடை இருக்கும். இரட்டையர் என்றால் ஒன்று, இரண்டு என்று எண் இருக்கும். ஐதராபாத் ரெட் ஹில்ஸில் 1953-இல் தொடங்கப்பட்ட நிலோஃபர் மருத்துவமனை, தெலங்கானாவின் ஏழைக் குடும்பங்கள் குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது என்றவுடன் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அரசு மருத்துவமனை. அங்கும், இதுபோன்ற எல்லா அரசு மருத்துவமனைகளிலும், செவிலியர் இரவு பகலாகப் பார்த்துக்கொள்வது இப்படிப் பெயரில்லாதவர்களைத்தான். பேசத் தெரியாத, நன்றி சொல்லத் தெரியாத, பிழைத்தாலும் இந்த நாட்களை நினைத்துப் பார்க்கப் போகாத ஓர் உயிருக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன? அது இப்போதே முழு மனிதரா, இனிமேல்தான் மனிதராகப் போகிறதா? சமயங்கள் இந்தக் கேள்விக்குத் தயங்கித் தயங்கித்தான் பதில் சொல்லியிருக்கின்றன. குழந்தையின் பக்கத்தில் நிற்கும் செவிலிக்கோ தயங்க நேரமில்லை. அந்தச் செவிலியின் கை எப்படி நடந்துகொள்கிறதோ அதுவே சரியான பதில் என்பது என் வாதம்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. பிறந்த குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்த காலத்தில், தங்குமா என்று தெரியாத உயிரோடு மனத்தை முழுக்கப் பிணைத்துக்கொள்ள எந்தக் குடும்பமும் அஞ்சும். பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ பெயர் வைப்பதிலும், இறந்த சிசுவை எரிக்காமல் புதைத்து, சடங்குகளைச் சுருக்கிக்கொள்வதிலும் அந்த அச்சம் படிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எதிர்த்திசையிலும் சான்றுகள் உண்டு. இறந்து பிறந்த குழந்தையையும் ஆளாகவே கருதி, வாளால் கீறிப் புதைத்த மறக்குல வழக்கத்தைப் புறநானூற்றின் 74-ஆம் பாட்டு பதிவு செய்திருக்கிறது. குலமானத்துக்காகச் செய்ததுதான், ஆனாலும் ஆளாகக் கருதினார்கள். இஸ்லாமியச் சட்டத்தில், பிறந்து ஒருமுறை அழுதுவிட்டு இறந்த குழந்தைக்கும் பெயர் உண்டு, ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை உண்டு, சொத்தில் பங்கும் உண்டு. ஒரே ஓர் அழுகுரல் போதும். கத்தோலிக்கத் திருச்சபையோ, உயிர் போகும் நிலையில் இருக்கும் சிசுவுக்கு யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று நெடுங்காலமாக அனுமதித்திருக்கிறது. குரு வந்து சேரும் முன் அந்த வேலை பல நேரம் மருத்துவச்சி, செவிலியர் கைக்குத்தான் வந்தது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்கள் எங்கே போகும் என்று நூற்றாண்டுகளாகக் குழம்பிய அந்தச் சபையின் இறையியலாளர்கள், 2007-இல் வெளியிட்ட ஆவணத்தில், அவர்களும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என்றார்கள். வழி வேறு வேறாக இருந்தாலும், பெயருக்கு முன்பே ஆள் இருக்கிறது என்ற இடத்தை நோக்கித்தான் சமயங்கள் நகர்ந்திருக்கின்றன.

மருத்துவம் இதில் சமயங்களைவிடப் பின்தங்கியிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1980-களின் நடுப்பகுதி வரை, மேலைநாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலேயே, குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கம் இல்லாமல் அறுவை செய்தார்கள். தசையை அசையாமல் கட்டிப்போடும் மருந்து கொடுப்பார்கள். குழந்தையால் துடிக்க முடியாது. நரம்புகள் முதிரவில்லை, வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்பதே அவர்கள் சொன்ன நியாயம். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் 1987-இல் இந்த நியாயத்தை உடைத்தார். இதய அறுவைக்குள்ளான குறைமாதக் குழந்தைகளில் ஃபென்டனில் என்ற வலிநீக்கி பெற்றவர்களுக்கு உடலின் அழுத்த ஹார்மோன் சுரப்பு குறைந்தது, அறுவைக்குப் பின் சிக்கல்களும் குறைந்தன. பத்தாண்டு கழித்து டொரண்டோவில் அன்னா டாடியோவும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள்: பிறந்த சில நாட்களில் வலிநீக்கமின்றி விருத்தசேதனம் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நாலாம் ஆறாம் மாதங்களில் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகமாக வலித்து அழுதார்கள். மனம் மறந்ததை உடம்பு மறக்கவில்லை.

ஆனால் என் வாதம் இந்த ஆய்வோடு நின்றுவிடக் கூடாது. உடம்பும் மறந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்த வலி பொருட்டில்லாமல் போய்விடுமா? நினைவு தப்பிய முதியவரை அடித்துவிட்டு, நாளைக்கு அவருக்கு ஞாபகம் இருக்காது என்று யாராவது சமாதானம் சொன்னால் நாம் ஏற்போமா? வலி என்பது வலிக்கிற நிமிடத்திலேயே முழு அநீதி. அதனால்தான் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் முன் செவிலி குழந்தையின் கைகால்களை உடம்போடு சேர்த்து அணைத்துக்கொள்வதும், முடிந்தால் தாயின் மார்பில் வைத்தபடியே ஊசி போடச் சொல்வதும், மருந்துக்குழாயை ஒட்டிய பிளாஸ்திரியை நனைத்து நனைத்து உரிப்பதும் பரிவின் உபரிகள் அல்ல, கடனைச் செலுத்துதல். முப்பத்துநாலு வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் இணைத்துச் செய்யத் தெரியாது. அதற்குப் பாலைக் குழாய் வழியாகக் கொடுத்து, பிறகு பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பழக்குகிறார்கள். பாலாடை என்ற நம் வீட்டுச் சொல்லே ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் அப்படியே ஏறியிருக்கிறது. நன்றியை எதிர்பார்க்கவே முடியாத இடத்தில் செய்யும் வேலை இது; கைம்மாறு கருதாத அறம் என்று நூல்கள் சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் அவரவர் வினை, இறைவன் விதித்தது, பிழைப்பது பிழைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. துயரத்தில் இருக்கும் தாய் தன்னைத் தேற்றிக்கொள்ள இதைச் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். பார்த்துக்கொள்ளும் இடத்தில் இருப்பவர் சொன்னால் மறுப்பேன். அதற்கு ஒரு சான்று உண்டு. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டும் கங்காரு முறையைத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை பங்கேற்றது. 1.8 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே தாயோடு சேர்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் காத்திருந்த குழுவில் 15.7 சதவீதம், உடனே சேர்த்த குழுவில் 12. அந்த இடைவெளியில் இருந்த குழந்தைகளின் சாவை விதி என்று எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். தாயின் நெஞ்சுச் சூட்டால் மாறக்கூடியதாக இருந்தது அது.

சம்பளத்துக்குச் செய்கிற வேலைக்கு இவ்வளவு தத்துவமா என்பது இன்னொரு கேள்வி. தமிழில் செவிலி என்ற சொல்லே, பெறாமல் வளர்த்த தாயைக் குறித்தது. நிலோஃபரில் 2017-இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கியின் பெயர் தாத்ரி; வடமொழியில் பாலூட்டி வளர்ப்பவள். இஸ்லாமிய மரபில் பாலூட்டியவளும் தாய், ஒரே பால் குடித்தவர்கள் உடன்பிறப்புகள். இந்த உறவு கலங்கிவிடும் என்றுதான் ஜெத்தாவின் இஸ்லாமியச் சட்ட அமைப்பான ஃபிக்ஹு அகாதமி 1985-இல் பால் வங்கிகளை ஏற்க மறுத்தது. பின்னர் வேறு அறிஞர்கள் இசைவும் தந்தார்கள். அந்த மறுப்பிலும், பராமரிப்பு உறவை உண்டாக்கும் என்ற ஆழ்ந்த நம்பிக்கை இருக்கிறது. மருத்துவமனைக்குப் பெயர் தந்த இளவரசி நிலோஃபரும் பிள்ளை பெறாதவர். பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்த துயரமே மருத்துவமனை தொடங்க அவரைத் தூண்டியது என்று சொல்வார்கள். சம்பளம் இந்த உறவைக் கெடுக்காது. சேவை என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தைக் குறைப்பதும், ஒருவர் கையில் எட்டுப் பத்துக் குழந்தைகளை ஒப்படைப்பதும்தான் கெடுக்கும். பிளாஸ்திரியை நனைத்து உரிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பறித்துவிட்டுப் பரிவில்லை என்று செவிலியைக் குறை சொல்வது அறமாகாது.

குழந்தை பிழைத்தால் எடைக்கு எடை துலாபாரம் தருவதாகக் கோவிலிலும், சாதர் போர்த்துவதாகத் தர்காவிலும் நேர்ந்துகொள்ளும் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறேன். நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள். அதோடு, உங்கள் குழந்தை கிடந்த வார்டுக்கு, ஒரு தாய் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருக்க ஒரு நாற்காலி வாங்கிக் கொடுங்கள்.