பின்னால் வருகிறவன்

சூதாட்டம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது எளிது. அப்படிச் சொல்கிறவர்கள் சூதாட்டத்தையே சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்குப் படுகிறது. சூதாடுகிறவனுக்கு எதிரே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். தருமன் தோற்றது சகுனியின் கண்ணெதிரே. சகுனி ஜெயித்ததும் தருமனின் கண்ணெதிரேதான். புதிதாக வெளியாகும் கிரிப்டோ நாணயங்களை வாங்கி, ஒரு மணி நேரத்தில், சில சமயம் பத்து நிமிஷத்தில், விற்றுவிடும் இந்தக் காரியத்தில் எதிரே யாரும் இல்லை. கைபேசியில் ஒரு கோடு ஏறுகிறது, அவ்வளவுதான்.

கோடு ஏன் ஏறுகிறது? அந்த நாணயத்துக்குப் பின்னால் ஆலை கிடையாது, சரக்கு கிடையாது, வட்டி கட்டப்போகிற கடனாளி கிடையாது. எனக்குப் பிறகு இன்னொருவன் வாங்குகிறான், அதனால் ஏறுகிறது. என் லாபம் முழுவதும் பின்னால் வந்தவன் போட்ட பணம். அவனுக்குப் பின்னாலும் ஒருவன் வந்தாக வேண்டும். யாரோ ஒருவனுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை.

அப்பட்டமான மோசடியைப் பற்றி நான் பேசவில்லை. 2021 அக்டோபரில் 'ஸ்க்விட் கேம்' தொடரின் பெயரில் வந்த நாணயம் ஒரு சென்ட் விலையில் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் 2,800 டாலரைத் தாண்டி, நவம்பர் 1ஆம் தேதி ஒன்றுமில்லாமல் போயிற்று. வாங்கியவர்களால் விற்கவே முடியவில்லை. அது திருட்டு, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2025 ஜனவரி 17 அன்று டிரம்ப் பெயரில் வந்த நாணயம் வேறு விதம். 80 சதவீதம் வெளியிட்டவர்கள் தரப்பிலேயே இருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். இரண்டே நாளில் 70 டாலரைத் தாண்டியது; ஏப்ரலில் 10 டாலருக்குக் கீழே கிடந்தது. 70 டாலரில் விற்றவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்த விலைக்கு வாங்கியவனும் விற்பதற்கென்றே வந்தவன். முடிந்திருந்தால் அவனும் இதையே செய்திருப்பான். அப்படியானால் விற்றவன் குற்றமற்றவனா?

குற்றமற்றவன் என்றுதான் நானும் வைத்திருந்தேன். சென்ற வருஷம் ஒரு புது நாணயம் வாங்கியிருந்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் போகட்டும் என்று நின்றபோது எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் அதைச் சொன்னேன். கன்டெய்னர் யார்டில் வேலை அவனுக்கு. "இப்ப வாங்கலாமாண்ணா?" என்றான். "வாங்குடா, இன்னும் ஏறும்" என்றேன். நம்பித்தான் சொன்னேன். அன்று ராத்திரி நான் விற்றேன். 11,000 ரூபாய் லாபம். அவன் தூங்கிப்போயிருந்தான். காலையில் அவனுடைய 9,000 ரூபாய் நானூற்றுச் சொச்சமாகியிருந்தது.

அவன் பணம்தான் என்னிடம் வந்தது என்று நிரூபிக்க முடியாது. யாரோ ஒருவனுடைய பணம் வந்தது. அவனும் எங்கோ ஒரு கேட்டில் நின்று யாரையோ கேட்டிருப்பான். வங்கியில் நாள் முழுக்க நான் பார்ப்பது பற்றும் வரவும். ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொன்றில் பற்று எழுதியாக வேண்டும். அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் இருக்கும். இங்கேயும் பற்று உண்டு, பெயர்தான் இல்லை. (எல்லாம் பதிவாகிறதே என்பார்கள். பதிவாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரிசை.) 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயம் சொத்துதான் என்று சொல்லிவிட்டது. சொத்து என்றால் சொந்தக்காரன் ஒருவன் உண்டு.

நீயும் வேறு நாணயங்களில் கடைசி ஆளாக நின்றவன்தானே, கழித்துப் பார் என்றார் ஒரு நண்பர். நம் வருமான வரிச் சட்டம் 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாணயத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க விடுவதில்லை. இரக்கமில்லாத விதி என்று முன்பு திட்டியிருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகத் திட்ட முடியவில்லை. நான் யாரிடமோ இழந்தது இந்தப் பையனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அவனிடம் 9,000 ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. கோபமும் இல்லை. "நீங்க என்னண்ணா பண்ணுவீங்க, நான்தான் முழிச்சிருந்து வித்திருக்கணும்" என்றான். பிறகு, புதுசாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டான்.