தாழ்ப்பாளும் தீட்டும்

ஒரு வீட்டில் அதிகமான கைகள் படுகிற பொருள் எது? வாசல் கதவின் தாழ்ப்பாள்தான். அதற்கு அடுத்தபடியாக அழைப்பு மணி, மின்சார ஸ்விட்ச், தண்ணீர்க் குழாய், மாடிப்படியின் கைப்பிடி, ஃபிரிட்ஜின் கதவு. வீட்டுக்காரரின் கையும், விருந்தாளியின் கையும், பால் கொண்டு வருகிறவரின் கையும், பாத்திரம் தேய்க்கிற அம்மாளின் கையும் இவற்றின்மேல் மாறி மாறிப் படுகின்றன. ஜாதியோ அந்தஸ்தோ விசாரிக்காமல் எல்லோருக்கும் இடம் கொடுக்கிற வஸ்துக்கள் நம் வீடுகளில் இவைதாம்.

2020-ஆம் வருஷத்தில் கொரோனா வந்தபோது இவற்றின்மேல் நம் பார்வை விழுந்தது. சிலர் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்துத் தெளித்தார்கள். சிலர் வினிகரை நம்பினார்கள். சிலர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்கள். இவற்றில் எது பயன்படும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தர்மம் பேச வருகிறவன் உண்மையை விட்டுவிட்டுப் பேசக் கூடாது அல்லவா?

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து சோப்புத் தண்ணீர். அழுக்கோடு கிருமியையும் அது அப்புறப்படுத்துகிறது. கொரோனா போன்ற கிருமிகளுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். வீட்டில் நோயாளி இருந்தால் அடுத்தது ப்ளீச். 5 சதவீத வீரியமுள்ள ப்ளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால், உலகச் சுகாதார நிறுவனம் கூறிய 0.1 சதவீத அளவு வந்துவிடும். முதலில் சோப்பால் துடைத்துவிட்டு, பிறகு இதைத் தடவி, ஒரு நிமிஷமாவது ஈரமாக விட்டுவைக்க வேண்டும். கலவையை அன்றன்றைக்குத் தயாரிப்பது நல்லது. வைத்திருந்தால் வீரியம் குறையும். ஆசிடோடும் வினிகரோடும் இதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். மின்சாரப் பொருள்களின்மேல் எதையும் ஊற்றக் கூடாது. கைப்பேசிக்கு 70 சதவீத ஆல்கஹால் தோய்ந்த துணி போதும். மஞ்சள் நீர் மங்களகரமானதுதான். ஆனால் கிருமியைக் கொல்லும் காரியத்தை அதனிடம் ஒப்படைக்க முடியாது. வினிகரும் எலுமிச்சையும் அப்படித்தான்.

பொருள்களைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு, ஒரு முறை தொட்டால் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே, என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொன்னது. அதனால் துடைப்பதே வீண் என்று ஆகிவிடாது. வயிற்றுப்போக்கும், மெட்ராஸ் ஐ என்று நம் ஊர்ப் பெயரைச் சுமந்து திரிகிற கண் நோயும், கை வழியாகவும் கை பட்ட பொருள் வழியாகவும் இன்றைக்கும் பரவிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே துடைப்பது நல்ல காரியம். யாருக்குப் பின்னால் துடைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஓர் அம்மையார் இருந்தார். வேலைக்காரப் பெண் வந்து மணியை அழுத்தியதும், கதவைத் திறந்து, கையிலிருந்த துணியால் அந்த மணியைத் துடைப்பார். பிறகுதான் அவளை உள்ளே விடுவார். அதே அம்மையாரின் பிள்ளை, இரவெல்லாம் ரயிலில் நூறு பேரோடு வந்து அதே மணியை அழுத்தினான். "களைத்துப் போய் வந்திருக்கிறாயே, கண்ணா!" என்று காபி கொடுத்தார். துணி ஆணியிலேயே தொங்கிற்று. வேலைக்காரப் பெண் கூடத்தைப் பெருக்கியபடி இதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த அம்மையாரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் எண்பது வயது மாமியார் படுத்திருந்தார். பிராணபயம் பாவம் ஆகாது. ஆனால் கிருமிக்குப் பிள்ளைப் பாசம் தெரியாதே! பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்காரியைத் துடைக்கிற துணி, மாமியாரைக் காப்பாற்றாது. அது சுகாதாரமாகவும் இல்லை, நியாயமாகவும் இல்லை. பின் அது என்ன? நமக்கு நன்றாகத் தெரிந்த பழைய விஷயம்தான். தனி டம்ளரும் கொல்லைப்புற வாசலும் வைத்திருந்த தீட்டு, விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து நிற்கிறது.

கிருமியும் கண்ணுக்குத் தெரியாது. தீட்டும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் குழப்பிக்கொள்வது அதனால் சுலபமாகிவிடுகிறது. கிருமி எந்தக் கையிலும் இருக்கும், கழுவினால் போகும். தீட்டோ மனிதன் மனிதன்மேல் ஒட்டிவைத்தது. எத்தனை கழுவினாலும் ஒட்டியவன் போகவிட மாட்டான். கொரோனா இந்நாட்டுக்கு முதலில் விமானம் ஏறித்தான் வந்தது. ஆனாலும் பல குடியிருப்புகளில் முதலில் வாசல் அடைக்கப்பட்டது வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்குத்தான்.

அயலான் கையைச் சந்தேகிப்பதும் தன் கையை நம்புவதும் நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. 1847-இல் வியன்னா ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். அங்கே மருத்துவச்சிகள் கவனித்த வார்டைவிட, டாக்டர்களும் மாணவர்களும் கவனித்த வார்டில்தான் பிரசவித்த பெண்கள் அதிகமாக மாண்டார்கள். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு அவர்கள் தாய்மார்களைத் தொடுகிறார்கள் என்று அவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டளவுக்கு இறங்கிற்று. அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. மேன்மக்களின் கையிலும் மரணம் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்வது அத்தனை கஷ்டமாக இருந்தது.

எனக்குத் தோன்றுகிற விதி இது: ஆளைப் பார்த்துத் துடைக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துத் துடையுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, யார் வந்தாலும் வராவிட்டாலும். வாசலில் சோப்பு வையுங்கள். முதலில் வீட்டு எஜமானர் கை கழுவட்டும், பிள்ளை கழுவட்டும், பிறகு வருகிறவர்களைக் கழுவச் சொன்னால் அதில் அவமானம் இராது. ப்ளீச்சில் துணி நனைக்கிற பெண்ணுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். நம் கதவைச் சுத்தம் செய்வதற்காக அவள் தோல் ஏன் வெந்து போகவேண்டும்?

அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது. அங்கேயும் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது; உள்ளே ஒரு கிழவியோ குழந்தையோ இருக்கலாம். அவள் கை நம் வீட்டுக்குள் எதைக் கொண்டுவருகிறது என்று தினமும் கவலைப்பட்டோம். நம் வீட்டிலிருந்து அது எதைக் கொண்டுபோகிறது என்று எத்தனை பேர் கவலைப்பட்டோம்?