சாம்பலை அள்ளுவது யார் கடன்?

குளிர்நாடுகளில் ஏப்ரல் பிறந்ததும் வீட்டுக் கணப்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பனிக்காலம் முழுக்கக் குடும்பத்தையே தன்னைச் சுற்றி உட்கார வைத்திருந்த இடம், வெயில் ஏறியதும் கரியும் சாம்பலும் அடைந்த மூலையாகிவிடுகிறது. நெருப்பை ஏற்றுவதற்குச் சடங்கு வைத்த மதங்கள் பல. அணைந்த நெருப்பு விட்டுச்சென்றதற்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா என்ற கேள்வியை எழுப்பியவர்கள் குறைவு. சாம்பலையே புனிதமாக்கிய மரபுகள் உண்டே என்று கேட்கலாம். சைவர் திருநீறு அணிகிறார்கள். கத்தோலிக்கர் தவக்காலத்தைச் சாம்பல் புதனில் தொடங்குகிறார்கள். ஆனால் அங்கே சாம்பல் நிலையாமையின் அடையாளம், அதற்கு ஒரு சிட்டிகை போதும். கூடை கூடையாக மிஞ்சுவதை அள்ளுவது யார் என்பது வேறு கேள்வி. ஒன்றின் மீது நமக்கு உள்ள மரியாதை உண்மையா என்பது அதன் பயன் முடிந்த பிறகுதான் தெரியும். அதனால் அணைந்த கணப்பைத் துப்புரவாக்குவதும் நெருப்பைப் போற்றுவதில் சேர்ந்ததே என்பது என் வாதம்.

இதைப் பண்டைய ரோம் தெரிந்துவைத்திருந்தது. அடுப்பின் தெய்வமான வெஸ்டாவின் கோயில் நெருப்பை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1 அன்று புதுப்பித்தார்கள். அதைக் காக்கும் கன்னியர் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தேர்ந்தெடுக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் பணி செய்தார்கள். நெருப்பு அணைந்தால் பொறுப்பானவருக்குக் கசையடி. இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது ஜூன் 15. அன்று கோயிலைக் கூட்டிக் குப்பையை வெளியேற்றுவார்கள். அந்த வேலை முடியும்வரை அரசுக் காரியங்கள் நடக்கக் கூடாது என்று ரோமானிய நாட்காட்டியே குறித்துவைத்தது. அந்தக் குப்பை டைபர் நதியில் சேரும்வரை மகளின் திருமணத்தைத் தள்ளிப்போடும்படி ஜூபிடர் பூசாரியின் மனைவி தனக்கு அறிவுரை சொன்னதாகக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார். தீட்டைக் கண்ட பயம்தான் இது என்று ஒருவர் சொல்லலாம். பயம் இருந்திருக்கலாம். ஆனால் பயந்தவர்கள் குப்பையை யாரும் பார்க்காத நேரத்தில் ஒளித்துத் தள்ளவில்லை. அதற்கென நாள் குறித்து, நகரத்தையே காத்திருக்க வைத்தார்கள். ஏற்றுவதற்கு ஒரு நாள் உண்டென்றால் கூட்டுவதற்கும் ஒரு நாள் உண்டு என்பது அவர்கள் கணக்கு.

முதல் ஆட்சேபம் நடைமுறையாளரிடமிருந்து வரும். கணப்பைத் துப்புரவாக்குவது வெறும் முன்னெச்சரிக்கை, இதில் அறம் எங்கே வந்தது என்பார் அவர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. விறகுப் புகை குளிர்ந்த புகைபோக்கியில் ஏறும்போது கிரியோசோட் என்ற பிசுபிசுப்பான கரிப்படலமாக உட்சுவரில் படிகிறது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. புகைபோக்கிக்குள்ளேயே தீ பிடித்தால் செங்கல் பூச்சு விரிசல் விட்டு, வீட்டின் மரச்சட்டங்களுக்கும் பரவும். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211-ஆம் தரவிதி, புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கச் சொல்வது இதனால்தான். சாம்பல் ஈரத்தை உறிஞ்சி இரும்புத் தட்டியை அரிக்கிறது. கோடை ஈரம் பட்ட புகைக்கரி அமிலமாகிக் காரைப் பூச்சைத் தின்கிறது. ஆக, வேலையைக் குளிர் முடிந்த கையோடு செய்வதே நல்லது. நடைமுறையாளரின் வாதம் இடறுவதும் இங்கேதான். தன்னலம் ஒருவரைத் தூண்ட வேண்டுமானால் குளிரோ ஆபத்தோ கண்முன் நிற்க வேண்டும். ஏப்ரலில் இரண்டும் இல்லை. அடுத்த தீயை மூட்டப்போவது வேறொரு வாடகைக்காரராக இருக்கலாம். ஆபத்து பொதுச்சுவருக்கு அப்பால் தூங்கும் அண்டை வீட்டாருக்கும் சேர்த்துத்தான். லாபம் தனக்கே வருமென்ற உறுதியில்லாமல், யாரும் கேட்காதபோது ஒருவர் செய்யும் வேலைக்கு அறம் என்பதைத் தவிர வேறு பெயர் பொருந்தாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் ஆழமானது. 1958-ல் வெளியான ‘மனித நிலைமை’ என்ற நூலில் ஹன்னா ஆரெண்ட், உழைப்பையும் ஆக்கத்தையும் செயலையும் தனித்தனியே பிரிக்கிறார். சுத்தம் செய்வது போன்ற அன்றாட உழைப்பு நிலைத்த எதையும் விட்டுச்செல்வதில்லை. அதற்கு வேண்டியது துணிவு அல்ல, முடிவில்லாமல் திரும்பச் செய்யும் பொறுமை என்கிறார் அவர். தச்சர் செய்த நாற்காலி நிற்கிறது; பெருக்கிய தரை நாளைக்கே அழுக்காகிறது. ஆனால் நாற்காலி நிற்கும் வீடு எரியாமல் இருந்தது யாரால்? பராமரிப்பின் விளைவு பெரும்பாலும் நடக்காமல் போன ஒன்று. பற்றாத தீயும் இடியாத சுவரும் எந்த வரலாற்றிலும் பதிவாவதில்லை. நிலைத்து நிற்பவற்றை மட்டுமே மதிப்பிடத் தெரிந்த சிந்தனை, அவற்றை நிலைக்க வைத்தவரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதாலேயே ஒரு வேலை தாழ்ந்ததென்றால், தினமும் ஓதும் பிரார்த்தனையும் தாழ்ந்ததாகிவிடும்.

மிகக் கடுமையான ஆட்சேபம் மூன்றாவது. துடைப்பத்தைப் புனிதமாக்குவது, துடைப்பம் பிடித்தவரை வாயடைக்கும் பழைய தந்திரம். இதற்கு இங்கிலாந்தே சாட்சி. குடும்பக் கணப்பைக் கவிதைகளில் கொண்டாடிய அதே சமூகம், குறுகலான புகைபோக்கிகளுக்குள் சின்னப் பையன்களை ஏற்றிக் கரியைச் சுரண்ட வைத்தது. அந்தத் தொழிலாளர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதினார். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது 1788-ன் சட்டம். 21 வயதுக்குட்பட்ட எவரும் ஏறக் கூடாது என்றது 1840-ன் சட்டம். இரண்டையும் யாரும் பொருட்படுத்தவில்லை. 1875-ல் ஒரு சிறுவன் இறந்து, சுத்தம் செய்பவர்களுக்குக் காவல்துறை உரிமம் கட்டாயமான பிறகே கொடுமை ஓய்ந்தது. துப்புரவைப் போற்றியபடியே துப்புரவாளரைத் தெருக்கோடியில் வைத்த நமக்கும் இது புதுக்கதை அல்ல. ஆனால் இந்த வரலாறு என் வாதத்தை முறிக்கவில்லை, கூர்மையாக்குகிறது. வெப்பத்தை அனுபவித்தவர் ஒருவராகவும் கரியைச் சுவாசித்தவர் மற்றொருவராகவும் இருந்ததுதான் அங்கே நடந்த அநீதி. வேலையை ஒருவரிடம் கொடுக்கலாம். நீண்ட தூரிகையும் முகமூடியும் தகுந்த கூலியும் உள்ள தொழிலாளியை அழைப்பதில் தவறில்லை. அவருக்கு என்ன நேர்கிறது என்ற பொறுப்பைக் கூலியோடு சேர்த்துக் கைமாற்றிவிட முடியாது. ரோமில் கோயில் துப்புரவு நகரத்தின் மிக மதிப்புக்குரிய பெண்களின் பொறுப்பில் இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

விறகு எரிப்பதே காற்றைக் கெடுக்கும்போது கணப்பைப் பேணுவானேன் என்றும் கேட்கலாம். 1952-ன் கொடும்புகையில் ஆயிரக்கணக்கானோரை இழந்த லண்டன், 1956-ல் தூய காற்றுச் சட்டம் கண்டது. நெருப்பின் மிச்சம் வீட்டுச் சாம்பலோடு முடிவதில்லை, ஊர்க் காற்றிலும் இருக்கிறது என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆகவே, பேணுதல் என்பது சில சமயம் எரிக்காமலிருப்பதையும் உள்ளடக்கும். ஓய்வு கொடுத்த கணப்புக்கும் கரி அகற்றி, மேலே மழை புகாத, காற்றோடும் மூடி போட வேண்டும். விட்டுவிட்டால் ஈரம் சேர்ந்து சுவர் கெடும். ஒரு நெருப்பை நிறுத்துபவருக்கும் அதை மூட்டியவருக்குள்ள கடமை உண்டு. குளிர்காய்ந்தவர் தான் அனுபவித்ததன் மிச்சத்துக்கும், அதை அகற்றும் கைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் பதிலைச் சொல்லாத பக்தி எவ்வளவு உருக்கமானதாக இருந்தாலும் அது பாதி பக்திதான்.