பெயர் எழுதாத கைகள்



பிரான்சு தேசத்தில் சார்த்ரு என்றொரு பட்டணமுண்டு. 1194-ம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி இரவு, அங்கிருந்த தேவமாதாவின் மேற்றிராசனக் கோவில் தீக்கிரையாயிற்று. மேற்கு முகப்பும் நிலவறையும் தவிர மீந்தது சொற்பமே. மாதாவின் வஸ்திரமென்று வணங்கப்பட்டு வந்த அருளிக்கமும் எரிந்துபோயிற்றென்று ஜனங்கள் கதறினார்கள். சில நாளில் அது பத்திரமாய் வெளிவந்தது. அழுத ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல் சுமக்கப் புறப்பட்டார்கள்.

இன்றும் நிற்கும் அந்தப் பேராலயம் அப்படி எழும்பியதே. அதன் கல் கூரை தரையிலிருந்து ஏறக்குறைய 120 அடி உயரம். அக்காலத்துச் சிற்பியின் கையில் இருந்தவை கயிறு, கவராயம், மூலைமட்டம், தூக்குக்குண்டு ஆகியவையே. வளைவின் வடிவாகவே முதலில் மரத்தால் சாரம் கட்டுவார்கள். அதன்மேல் கல் அடுக்குவார்கள். சுண்ணாம்புச் சாந்து இறுகும்வரை காத்திருந்து, பிறகே சாரத்தைப் பிரிப்பார்கள். பொறுமை இல்லாதவன் கட்டிய கூரை அவன் தலையிலேயே விழும்.

கல் கூரையின் பாரம் சுவரை வெளிப்புறமாய்த் தள்ளுமல்லவா? ஆகையால் சுவருக்கு வெளியே பருத்த தூண்களை நிறுத்தி, அவற்றிலிருந்து கல் வளைவுகளைச் சாய்த்து, சுவருக்குத் தோள் கொடுத்தார்கள். அவை பாரத்தைத் தாங்கியதால், சுவரைத் திறந்து பெரிய வர்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வைக்க முடிந்தது. உள்ளே முழந்தாளிட்டிருப்பவன் நீலமும் சிவப்புமான ஒளியைக் காண்கிறான். வெளியே மழையிலும் பனியிலும் நின்று சுமக்கும் கல்லை அவன் காண்பதில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? பிள்ளை பீடத்தில் பூசைக்கு உதவி செய்கிறான், எல்லோரும் மெச்சுகிறார்கள். விடியுமுன் எழுந்து அவனுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்த தாயை யார் பார்க்கிறார்கள்? சர்வேசுரன் பார்க்கிறார்.

அந்த ஜன்னல்களில், அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்துக்குக் கீழே, அப்பம் சுடுகிறவனும், செருப்புத் தைக்கிறவனும், தச்சனும், கல் செதுக்குகிறவனும் தங்கள் தொழிலைச் செய்வதாகத் தீட்டியிருக்கிறது. தொழில் இருக்கிறது, இன்னார் என்ற பெயர் இல்லை. கோவிலைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயரையும் சரித்திரம் காப்பாற்றி வைக்கவில்லை. நாமோ ஒரு குழல் விளக்கை உபயமாய்க் கொடுத்தாலும், வெளிச்சம் மறையுமளவு அதில் பெயரெழுதச் சொல்கிறோம்!

1260-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி அக்கோவில் அபிஷேகம் செய்யப்பட்டது. தீப்பிடித்து 66 வருஷம் ஆகியிருந்தது. முதற்கல் சுமந்த வாலிபரில் அந்நாளைக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஜெர்மனியிலுள்ள கொலோன் பேராலயமோ 1248-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்தது. இடையில் ஏறக்குறைய 300 வருஷம் வேலை நின்றே போயிற்று. ஆனாலும் முன்னோர் வரைந்து வைத்த முகப்புப் படம் கிடைக்க, பின்வந்தவர்கள் அதன்படியே கட்டி முடித்தார்கள்.

பிரியமானவர்களே, நம்மை உயிருள்ள கற்கள் என்கிறார் அர்ச். இராயப்பர். உங்கள் பிள்ளைகளின் விசுவாசமே உங்கள் கையில் கொடுக்கப்பட்ட கோவில். அது முடிவதைப் பார்க்க நாம் இல்லாமற் போகலாம். அதற்காக இன்று வைக்க வேண்டிய கல்லை வைக்காமல் விடலாமா? குடும்ப ஜெபம் நின்றுபோன வீட்டில், இன்றிரவே ஜெபமாலையை மறுபடி தொடங்குங்கள். யாருக்கும் சொல்லாமல் ஒரு தர்மம் செய்யுங்கள். கட்டினவன் பெயர் கல்லில் இல்லாவிட்டாலும், ஜீவிய புஸ்தகத்தில் இருக்கும்.

ஆமென்.